கல்லீரலுக்காகத் தினமும் என்ஏசி மாத்திரை போடலாமா?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு 42 வயது. ஸ்கேன் எடுத்ததில் கல்லீரலில் கொஞ்சம் கொழுப்பு படிந்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். நண்பர் ஒருவர் என்-அசிடைல்சிஸ்டைன், அதாவது என்ஏசி, 600 மில்லிகிராம் மாத்திரையைத் தினமும் ஒன்று போடச் சொல்கிறார். வெறும் அமினோ அமிலம்தான், ஆன்டிஆக்சிடன்ட் (ஆக்சிஜனேற்றத்தால் செல்கள் சேதமாவதைத் தடுக்கும் பொருள்), பக்கவிளைவே கிடையாது என்கிறார். அதையே பல வருடமாகச் சளியும் மூச்சிரைப்புமாக இருக்கும் உங்கள் அப்பாவுக்கும் கொடுக்கலாமா, ஆயுள் முழுக்க எடுக்கலாமா என்று கேட்கிறீர்கள். அப்பா நெஞ்சுவலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்க ஒரு மாத்திரை வைத்திருக்கிறார் என்பதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கேள்வியிலேயே எனக்கு முக்கியமாகப் பட்ட வரி அதுதான். கடைசியில் அதற்கு வருகிறேன்.

இதற்கெல்லாம் அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது. ஆன்டிஆக்சிடன்ட் என்று பெயர் வாங்கிவிட்ட ஒரு பொருள் யாருக்கும், எப்போதும், எத்தனை நாளைக்கும் நல்லதுதானே? எனக்கு அதற்குத்தான் பதில் எழுத ஆசை. நான் மருத்துவமனை மருந்தாளுநர். 19 வருடமாக அவசரப் பிரிவுக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கும் மருந்து கலந்து கொடுப்பதும், டாக்டர்கள் எழுதும் அளவைச் சரிபார்ப்பதும்தான் என் வேலை. என்ஏசி மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு, அது உயிர்களைக் காப்பாற்றுவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஆனால் உங்கள் ரத்தப் பரிசோதனை முடிவுகளை நான் பார்க்கவில்லை, உங்களைப் பரிசோதிக்கவும் இல்லை. அதனால் மருந்தைப் பற்றி உறுதியாகப் பேசுவேன், உங்கள் உடம்பைப் பற்றி அளந்துதான் பேசுவேன்.

என்ஏசி நிஜமாகவே என்ன செய்யும் என்பது ஒரு இரவில் நடந்ததைச் சொன்னால் எளிதாகப் புரியும். முப்பது வயதிருக்கும் ஒரு பெண், மூன்று நாளாகப் பல்வலி. வலிக்கு ஒரு மாத்திரை, காய்ச்சலுக்கு இன்னொன்று, ஜலதோஷத்துக்கு வேறொன்று என்று மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறார். மூன்று அட்டையிலும் மூன்று பெயர், மூன்றுக்குள்ளும் இருந்தது பாரசிட்டமால். வரும்போது நடந்துதான் வந்தார், குமட்டல் மட்டும்தான் இருக்கிறது என்றார். ரத்த அறிக்கை வந்தபோது கல்லீரல் நொதிகள் ஆயிரங்களில் இருந்தன. அறுபது கிலோ எடை. முதல் டிரிப்புக்கு 9 கிராம் என்ஏசி வேண்டும், 2 கிராம் ஆம்பூல்களில் நாலரை. ஆம்பூலின் கழுத்தை உடைத்ததும் அழுகிய முட்டை நாற்றம் அறை முழுக்கப் பரவும், அதன் மூலக்கூறில் கந்தகம் இருப்பதால் வரும் வாடை அது. அந்த 9 கிராமை ஒரு மணி நேரத்தில் ஏற்றினோம், அடுத்த 3 கிராம் நாலு மணி நேரத்தில், கடைசி 6 கிராம் பதினாறு மணி நேரத்தில். 21 மணி நேரத்தில் மொத்தம் 18 கிராம். அவருக்கு அதோடும் முடியவில்லை, நொதிகள் இறங்கத் தொடங்கும்வரை டிரிப்பை நிறுத்தாமல் ஓட்டினோம். ஆறாம் நாள் வீட்டுக்குப் போனார்.

இதற்குக் காரணம் தெளிவாகத் தெரிந்த ஒன்று. பாரசிட்டமாலில் ஒரு சிறு பகுதியைக் கல்லீரல் விஷத்தன்மையுள்ள ஒரு பொருளாக மாற்றும். வழக்கமான அளவில் அது பிரச்சினையே இல்லை, ஏனென்றால் கல்லீரல் செல்களில் குளுட்டாதயோன் என்ற பொருள் எப்போதும் இருப்பில் இருக்கும், விஷம் உண்டாக உண்டாக அதைப் பிடித்துக் கட்டி வெளியே அனுப்பிவிடும். பாரசிட்டமால் அளவு மீறிப் போனால் குளுட்டாதயோன் செலவாகிக்கொண்டே வரும், வழக்கமான இருப்பில் சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கியதும் விஷம் செல்களைத் தாக்க ஆரம்பிக்கும். குளுட்டாதயோன் தயாரிக்க சிஸ்டைன் என்ற அமினோ அமிலம் தேவை, அதுதான் பெரும்பாலும் பற்றாமல் போகும். என்ஏசி அந்த சிஸ்டைனைக் கொண்டுபோய்க் கொடுக்கிறது. 1970களில் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் லாரி பிரெஸ்காட் என்ற மருத்துவரின் குழு இதை நரம்பு வழியாகக் கொடுத்துக் காட்டிய பிறகு, மாத்திரைகளை ஒரே தடவையில் அளவு மீறிப் போட்டவர்களுக்கு எட்டு மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால் கல்லீரல் ஏறக்குறைய எல்லோருக்கும் தப்பிவிடும் என்ற நிலை வந்தது. எட்டைத் தாண்டினால் பலன் ஒவ்வொரு மணிக்கும் குறையும், இருந்தாலும் கொடுக்கத்தான் வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டியது, அந்தப் பெண்ணின் கல்லீரலில் ஒரு குறிப்பிட்ட பொருள் தீர்ந்துபோயிருந்தது, அதை நிரப்புகிற மூலப்பொருளை நிரப்புகிற அளவில், நிரப்ப வேண்டிய நேரத்தில் கொடுத்தோம். உங்கள் நண்பர் சொல்லும் 600 மில்லிகிராம், அந்த 18 கிராமில் முப்பதில் ஒரு பங்கு. அதுவும் வாய் வழியாகப் போவதில் பெரும்பகுதி குடல் சுவரிலும் கல்லீரலிலும் முதல் சுற்றிலேயே மாறிவிடும், என்ஏசியாகவே ரத்தத்துக்கு வந்து சேர்வது பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. முதல் சுற்றிலேயே சிஸ்டைனாகக் கல்லீரலுக்குக் கிடைக்கிறது என்பதால் அது அத்தனையும் வீண் என்று சொல்லிவிட முடியாது, விஷமுறிவுக்கு வாய் வழியாகவும் பெரிய அளவில் கொடுப்பதுண்டு. ஆனால் ஓரளவு நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கி எழும் ஒருவரின் கல்லீரலில் குளுட்டாதயோன் இருப்பு பொதுவாக நிறைந்தே இருக்கும். நிறைந்த குடத்தில் இன்னும் கொஞ்சம் ஊற்றுவதால் என்ன கிடைக்கும் என்ற கேள்விக்கு, ‘ஆன்டிஆக்சிடன்ட்’ என்ற சொல் எந்தப் பதிலும் சொல்வதில்லை.

சரி, பாரசிட்டமாலைத் தவிர வேறு எதற்கெல்லாம் பயன்படுகிறது? உறுதி குறைந்துகொண்டே வரும் வரிசையில் சொல்கிறேன். இது முதலில் மருந்தாக வந்ததே சளிக்குத்தான், அமெரிக்காவில் 1963ல் அனுமதி கிடைத்தது. கெட்டியான சளியின் புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்து வைத்திருக்கும் கந்தகப் பாலங்களை இது அறுத்துவிடும், சளி நீர்த்துப்போகும். சோதனைக் குழாயில் இது கண்ணெதிரே நடக்கும். மாத்திரையாக விழுங்கும்போது நுரையீரலில் அதே அளவுக்கு நடக்கிறதா என்பது வேறு விஷயம், அப்பாவைப் பற்றிப் பேசும்போது அதைச் சொல்கிறேன். அப்புறம், பாரசிட்டமால் காரணமில்லாமல் திடீரெனக் கல்லீரல் செயலிழந்தவர்களிடம் 173 பேரை வைத்து ஒரு ஆய்வு நடந்தது, 2009ல் வெளியானது. மொத்தமாகப் பார்த்தால் மூன்று வாரத்தில் உயிர் பிழைத்தவர்கள் விகிதத்தில் உறுதியான வித்தியாசம் இல்லை. ஆனால் மாற்றுக் கல்லீரல் இல்லாமலே பிழைத்தவர்கள் என்ஏசி பெற்றவர்களில் 40 சதவீதம், பெறாதவர்களில் 27 சதவீதம். கல்லீரல் செயலிழப்பால் வரும் மயக்கம் ஆரம்ப நிலையில் இருந்தவர்களிடம் மட்டும் பார்த்தால் 52க்கு 30. மயக்கம் முற்றியவர்களுக்குப் பயன் தெரியவில்லை. அதனால்தான் இந்த மாதிரி நோயாளி வந்தால் சீக்கிரமாகவே ஆரம்பிக்கப் பார்க்கிறோம்.

சிறுநீரகக் கதையை மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நானே அதில் பங்கெடுத்திருக்கிறேன். இதய ரத்தக்குழாய்களைப் படம் எடுக்கும்போது ஏற்றும் சாயம் சிலருக்குச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். 2000ல், சிடி ஸ்கேனுக்காக இதே மாதிரிச் சாயம் ஏற்றிய 83 பேரை மட்டும் வைத்து நடந்த ஒரு ஆய்வில், என்ஏசி மாத்திரை சாப்பிட்டவர்களில் 2 சதவீதம் பேருக்கும் சாப்பிடாதவர்களில் 21 சதவீதம் பேருக்கும் சிறுநீரகப் பாதிப்பு என்று வந்தது. மலிவான மருந்து, தீங்கும் கண்ணுக்குத் தெரியவில்லை, யார்தான் வேண்டாம் என்பார்கள்? வருடக்கணக்கில் ஆஞ்சியோவுக்கு முந்தின நாளும் அன்றைக்குமாக இதை எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தோம். நோயாளிகளிடம் ‘உங்கள் கிட்னியைக் காப்பாற்றும்’ என்று நானே சொல்லியிருக்கிறேன். பிறகு 2,308 பேரை வைத்து நடந்த ஆய்வு 2011ல் வந்தது, எந்த வித்தியாசமும் இல்லை. 2018ல் ஏறத்தாழ 5,000 பேரை வைத்து இன்னொன்று, அதிலும் இல்லை. ‘தீங்கில்லையே, கொடுத்துப் பார்ப்போமே’ என்று நினைத்த பத்து வருடத்துக்கு மேலான பழக்கம் அதோடு நின்றது. யாருக்கும் கெடுதல் ஆகியிருக்காது என்றே நினைக்கிறேன், ஆனால் சாயத்தின் அளவைக் குறைப்பது, உடம்பில் தண்ணீர் குறையாமல் பார்த்துக்கொள்வது போன்ற உண்மையில் பயன்படுகிற விஷயங்களில் எங்கள் கவனம் கொஞ்சம் தளர்ந்திருக்கும். எனக்கு அதுதான் உறுத்துகிறது.

நுரையீரல் தடித்து இறுகிப்போகும் ஐபிஎஃப் என்ற நோயிலும் இதே பாதைதான், அங்கே இன்னும் மோசம். பிரெட்னிசோன், அசத்தியோபிரின் (இரண்டும் நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்துகள்), என்ஏசி மூன்றையும் சேர்த்துக் கொடுப்பது வழக்கமாக இருந்தது. ஒழுங்கான ஒப்பீட்டு ஆய்வு நடத்தியபோது அந்தக் கூட்டுச் சிகிச்சை பெற்றவர்களில் அதிகம் பேர் இறந்ததால் அந்தப் பகுதியையே பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று, அது 2012. என்ஏசியை மட்டும் கொடுத்துப் பார்த்த மீதிப் பகுதி 2014ல் வெளியானது, நுரையீரல் கொள்ளளவு குறைவதை அது தடுக்கவில்லை. தன் முடியைத் தானே பிடுங்கும் கோளாறில் பெரியவர்கள் 50 பேரிடம் 12 வாரம் நடந்த ஒரு நல்ல ஆய்வில் 56 சதவீதம் பேருக்குக் குணம் தெரிந்தது, வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 16 சதவீதம் பேருக்குத்தான். குழந்தைகளிடம் அதே சோதனையைச் செய்தபோது பலன் வரவில்லை. 1997ல் வயதானவர்கள் 262 பேருக்கு ஆறு மாதம், தினம் இரண்டு வேளை 600 மில்லிகிராம் கொடுத்து ஃப்ளூவைப் பார்த்தார்கள். கிருமி தொற்றியது இரு குழுவிலும் ஒரே மாதிரிதான், ஆனால் தொற்றியவர்களில் நோய்க்குறி தெரிந்தவர்கள் 79 சதவீதத்துக்குப் பதில் 25 சதவீதம்தான். சப்ளிமென்ட் விற்பவர்கள் எல்லோரும் காட்டுவது இந்த எண்ணைத்தான். நம்பிக்கை தருகிற முடிவுதான், மறுக்கவில்லை, ஆனால் 83 பேர் கதையைப் பார்த்த எனக்கு இவ்வளவு சிறிய ஆய்வை நம்பி யாரிடமும் ‘போடுங்கள்’ என்று சொல்ல வாய் வருவதில்லை.

இனி ஆன்டிஆக்சிடன்ட் என்ற பெயருக்கு வருவோம். அந்தப் பெயரை நம்பி மனிதர்களிடம் பெரிய அளவில் செய்த சோதனைகள் நமக்குக் கையில் இருக்கின்றன. பின்லாந்தில் புகைப்பிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் பீட்டா கரோட்டின் கொடுத்துப் பார்த்தார்கள், நுரையீரல் புற்றுநோய் குறையும் என்ற நம்பிக்கையில். 1994ல் முடிவு வந்தபோது அது 18 சதவீதம் கூடியிருந்தது. இன்னொரு ஆய்வில் 35,000க்கும் மேற்பட்ட ஆண்களில் தினமும் 400 யூனிட் வைட்டமின் ஈ எடுத்தவர்களுக்கு ப்ராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் அதிகம் என்று 2011ல் தெரிந்தது. இவை என்ஏசி இல்லை, அதனால் அப்படியே இதற்குப் பொருத்தக் கூடாது. என்ஏசியை வைத்து நடந்ததும் ஒன்று உண்டு: தலை, கழுத்து, நுரையீரல் புற்றுநோய் வந்து சிகிச்சை பெற்ற 2,592 பேர், அவர்களில் ஒரு பகுதியினருக்கு இரண்டு வருடம் தினமும் இதே 600 மில்லிகிராம். ஆயுளும் கூடவில்லை, இரண்டாவது கட்டி வருவதும் குறையவில்லை, கெடுதலும் தெரியவில்லை. எலிகளில் மட்டும் வேறு மாதிரி வந்தது. ஏற்கெனவே நுரையீரல் கட்டி தொடங்கிய எலிகளுக்கு என்ஏசி கொடுத்தபோது கட்டி வேகமாக வளர்ந்ததாக 2014லும், மெலனோமா என்ற தோல் புற்றுநோய் உள்ள எலிகளில் நெறிக்கட்டிகளுக்குப் பரவுவது கூடியதாக 2015லும் வெளியானது. ஆக்சிஜனேற்ற அழுத்தம், அதாவது ஆன்டிஆக்சிடன்ட் தடுப்பதாகச் சொல்லும் அந்தச் சேதம், நம் நல்ல செல்களை மட்டும் வாட்டுவதில்லை, புற்றுநோய் செல்களையும்தான் வாட்டுகிறது, அந்தச் சுமையை இறக்கி வைத்தால் இரண்டு தரப்பும் மூச்சு விடும் என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கம். எலியில் நடந்தது மனிதனில் நடக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள், அது வந்து போனவர்கள், தங்கள் டாக்டரிடம் கேட்காமல் இதை எடுக்கவே கூடாது என்று உறுதியாகச் சொல்வேன்.

உடற்பயிற்சி செய்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2009ல் வந்த ஒரு ஆய்வில் வைட்டமின் சி 1,000 மில்லிகிராமும் வைட்டமின் ஈ 400 யூனிட்டும் எடுத்துக்கொண்டே பயிற்சி செய்தவர்களுக்கு, பயிற்சியால் கிடைக்க வேண்டிய இன்சுலின் முன்னேற்றம் கிடைக்காமல் போனது. பயிற்சியின்போது தசையில் உண்டாகும் அந்தக் கொஞ்ச நேர ஆக்சிஜனேற்ற அழுத்தம்தான் உடம்பைத் திருந்தச் சொல்லும் செய்தி போலிருக்கிறது.

பக்கவிளைவே கிடையாது என்பது சரியில்லை. நரம்பு வழியாக ஏற்றும்போது முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் முகமும் நெஞ்சும் சிவந்து, தோல் அரித்து, சிலருக்கு மூச்சுக்குழாய் இறுகி, ரத்த அழுத்தம் இறங்கும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இது கடுமையாக வரலாம். டிரிப்பை நிறுத்தி, மருந்து கொடுத்து, பிறகு மெதுவாகத் தொடர்ந்தால் பெரும்பாலானவர்கள் தாங்கிக்கொள்வார்கள். முதல் அளவை நிதானமாக ஏற்றும் புது முறைகள் வந்தபின் இது குறைந்திருக்கிறது. அளவைக் கணக்கிடுவதில் தப்பு நேர்ந்து உயிரே போன சம்பவங்களும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன, அதனால்தான் இந்த மருந்தை இரண்டு பேர் தனித்தனியாகக் கணக்குப் போட்டுப் பார்க்காமல் நாங்கள் அனுப்புவதில்லை. நீங்கள் கேட்கும் மாத்திரையில் இந்த அளவுக்கு எதுவும் வராது. குமட்டல், வயிற்றுப் பிரட்டல், பேதி, சிலருக்குத் தோல் தடிப்பு, அவ்வளவுதான் பொதுவாக. வயிற்றில் புண் இருந்தவர்கள் கவனமாக இருக்க வேண்டும். தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும் வகை மாத்திரைகளில் பலவற்றில் ஒன்றுக்கு நூறு மில்லிகிராமுக்கு மேல் சோடியம் இருக்கும், ரத்த அழுத்தமோ இதயச் செயலிழப்போ உள்ளவர்கள் உப்பைக் குறைத்துவிட்டு இதில் ஏற்றிக்கொள்ளக் கூடாது. சர்க்கரை நோயாளிகள் சிறுநீரில் கீட்டோன் பார்த்தால் இது தப்பாக ‘இருக்கிறது’ என்று காட்டலாம். இரண்டு வயதுக்குக் கீழான குழந்தைகளுக்குச் சளி மருந்தாக இதைக் கொடுக்கக் கூடாது. கர்ப்பிணிகளுக்குப் பாரசிட்டமால் விஷமென்றால் ஒரு நொடி தயங்காமல் கொடுப்போம், அதே கர்ப்பிணி தினசரி சப்ளிமென்டாகக் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

இன்னொன்று, மருந்தாக வரும் என்ஏசியும் சப்ளிமென்டாக வரும் என்ஏசியும் ஒரே மூலக்கூறுதான், ஆனால் பின்னால் இருக்கும் கண்காணிப்பு ஒன்றில்லை. மருந்தாகவே முதலில் அனுமதி பெற்றதைச் சப்ளிமென்டாக விற்கலாமா என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020ல் கேள்வி எழுப்பி எச்சரிக்கைக் கடிதங்கள் அனுப்பியது, 2022ல் இப்போதைக்கு நடவடிக்கை எடுக்க மாட்டோம் என்று விட்டுவிட்டது. வாங்குவதென்றால் மருந்தாகப் பதிவான தயாரிப்பை வாங்குங்கள், அளவாவது சொன்னபடி இருக்கும்.

இப்போது உங்கள் கல்லீரல். கொழுப்புக் கல்லீரலுக்கு என்ஏசி கொடுத்துச் சில சிறிய ஆய்வுகள் நடந்திருக்கின்றன, நொதிகள் கொஞ்சம் இறங்கியதாகச் சொல்கின்றன. நொதி இறங்குவதும் கல்லீரல் தேறுவதும் ஒன்றில்லை. எடையில் 7 முதல் 10 சதவீதம் குறைத்தால் கல்லீரலின் கொழுப்பும் அழற்சியும் குறைவது திரும்பத் திரும்ப உறுதியான விஷயம், அதற்கு இணையாகச் சொல்ல எந்த ஆன்டிஆக்சிடன்டும் இல்லை. வைட்டமின் ஈ மட்டும் இதில் கொஞ்சம் பேர் வாங்கியது. 2010ல் வந்த ஆய்வில், திசு எடுத்துப் பார்த்து அழற்சி இருப்பது உறுதியான, சர்க்கரை நோய் இல்லாதவர்களுக்கு தினம் 800 யூனிட் கொடுத்தபோது 43 சதவீதம் பேருக்கு முன்னேற்றம், வெற்று மாத்திரைக்கு 19. பாருங்கள், அங்கேயும் யாருக்கு, எந்த நிலையில், எவ்வளவு என்பது குறிப்பாக இருக்கிறது. அதே வைட்டமினைத்தான் ப்ராஸ்டேட் பற்றிச் சொன்ன இடத்திலும் பார்த்தோம். ஸ்கேனில் ‘லேசான கொழுப்பு’ என்று வந்த உங்களுக்கு என்ஏசி தேவை என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. ஏற்கெனவே வாங்கிச் சாப்பிட ஆரம்பித்திருந்தால் பயப்பட ஒன்றுமில்லை, நிறுத்திவிடலாம், படிப்படியாகக் குறைக்க வேண்டியதில்லை. மது உண்டா, எடை எவ்வளவு, சர்க்கரையும் கொழுப்பும் எப்படி இருக்கின்றன, கல்லீரல் இறுகியிருக்கிறதா என்று பார்த்தார்களா, இவற்றை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். உங்களுக்கு ஆக வேண்டியது அங்கேதான் இருக்கிறது.

உங்கள் கேள்வியில் இல்லாத ஒன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். வீட்டில் என்ஏசி இருக்கிறதே என்ற தைரியத்தில் பாரசிட்டமாலைத் தாராளமாகப் போடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராம்தான் உச்சம், எடை குறைந்தவர்களுக்கும் தினமும் குடிப்பவர்களுக்கும் அதைவிடக் கீழே. எந்தக் காரணத்தால் அளவு மீறியிருந்தாலும், தெரியாமலோ தெரிந்தோ, வீட்டில் இருக்கும் என்ஏசி மாத்திரையை விழுங்கிவிட்டுக் காத்திருக்கக் கூடாது, உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். முதல் நாள் உடம்பு நன்றாகவே இருக்கும், அதுதான் இந்த விஷத்தின் கொடுமை.

கடைசியாக அப்பா. அவருக்கு இருப்பது சிஓபிடி, அதாவது மூச்சுக்குழாய்கள் குறுகிச் சளியும் மூச்சிரைப்பும் நீடிக்கும் நாட்பட்ட நுரையீரல் நோய் என்றால், உங்களைவிட அவருக்குத்தான் என்ஏசி பயன்பட வாய்ப்பு அதிகம். 2014ல் வந்த ஒரு ஆய்வில், நடுத்தரம் முதல் கடுமை வரையான சிஓபிடி உள்ள 1,006 பேரில் தினம் இரண்டு வேளை 600 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கு, நோய் திடீரென முற்றுவது வருடத்துக்கு 1.49லிருந்து 1.16 ஆகக் குறைந்தது. ஒரு வேளை மட்டும் 600 மில்லிகிராம் கொடுத்து மூன்று வருடம் 523 பேரைப் பார்த்த 2005 ஆய்வில் மூச்சுத்திறன் குறைவது தடைபடவில்லை. நோய் லேசாகவோ நடுத்தரமாகவோ இருப்பவர்களிடம் இரண்டு வேளை அளவையே இரண்டு வருடம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2024ல் வந்தது, அதில் பலன் இல்லை. ஆகவே அடிக்கடி முற்றிப்போகிறவர்களுக்கு, இன்ஹேலர்களை ஒழுங்காக எடுத்தும் அடங்காதவர்களுக்கு, சேர்த்துப் பார்க்கத் தகுந்த மருந்து என்பதற்கு மேல் என்னால் சொல்ல முடியாது. இன்ஹேலருக்குப் பதில் இது என்ற எண்ணம் மட்டும் வரக் கூடாது. இருமலை அடக்கும் சிரப்போடு சேர்த்தும் கொடுக்காதீர்கள். சளியை இளக்கிவிட்டு இருமலையும் அடைத்தால் இளகிய சளி வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே தேங்கிவிடும்.

அந்த நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை நைட்ரேட் வகையாகத்தான் இருக்கும். அது ரத்தக்குழாய்களை விரித்து வேலை செய்கிறது, என்ஏசி அந்த விளைவைக் கூட்டும். இரண்டையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் கடுமையான தலைவலியும் ரத்த அழுத்தம் சரிவதும் பதிவாகியிருக்கின்றன. நெஞ்சுவலி வந்த நேரத்தில், நின்றபடியே மாத்திரையை வைத்துக்கொண்டு, அழுத்தம் சரிந்து கீழே விழுந்தால் வயதானவருக்கு இடுப்பெலும்புக்கே ஆபத்து. அதனால் நீங்களாக இன்றைக்கே ஆரம்பித்துவிடாதீர்கள். அவருடைய இதய டாக்டரையோ நெஞ்சு டாக்டரையோ பார்க்கப் போகும்போது அந்த நைட்ரேட் மாத்திரை, இன்ஹேலர்கள், தினமும் போடும் மற்ற எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள், என்ஏசி டப்பாவையும் சேர்த்து. கடந்த ஒரு வருடத்தில் எத்தனை தடவை முற்றி மருத்துவமனைக்குப் போனார் என்பதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.